ஒட்டுப்பால் உரிக்கிற கை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, களியல் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு வாதம் அடித்துக் கை விழுந்துவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பேச்சு தொடங்கிவிடும். "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், நான் எடுத்துத் தாறேன்." மகள் சோறு ஊட்டுவாள். மகன் சட்டைக்குப் பொத்தான் போடுவான். சாயா டம்ளரைக்கூட வாய்க்கு அருகே கொண்டுவருவார்கள். மூன்று மாதம் கழித்து, "எவ்வளவு தைலம் போட்டுத் தடவினோம், கை அப்படியேதான் கிடக்கு" என்று அலுத்துக்கொள்வதும் அதே வீடுதான். அந்த மூன்று மாதமும் மூளை சும்மா இருக்கவில்லை. அந்தக் கை இல்லாமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொண்டிருந்தது.

மூளையின் நெகிழ்வுத்தன்மை பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்கு மூளை இடம் ஒதுக்கும். செய்யாமல் விட்டால் ஒதுக்கிய இடத்தையும் பறித்து வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே பொறிமுறைதான்.

வாதம் என்கிற ஸ்ட்ரோக்கில், மூளையில் ரத்தம் போகாத இடத்தின் நடுப்பகுதி செத்துப்போகிறது. செத்த நரம்புச் செல் திரும்ப முளைப்பதில்லை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் முதல் நாளில் விழுந்து கிடக்கிற கை முழுவதும் செத்த செல்களின் கணக்கில் வராது. சுற்றிலும் வீங்கிய திசு உண்டு. வீக்கம் வடிந்தால் அதில் ஒரு பங்கு மீளும். அடிபட்ட இடத்தோடு தொடர்பு வைத்திருந்த தூரத்துப் பகுதிகளும் திகைத்துப்போய் வேலையை நிறுத்தியிருக்கும். ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதிலிருந்து லைன் வாங்கும் அடுத்த ஊரும் இருட்டில் கிடப்பதைப் போல. மொனாகோவ் என்ற நரம்பியலாளர் 1914இலேயே இதற்கு டயஸ்கிசிஸ் என்று பெயர் வைத்துவிட்டார். முதல் சில வாரங்களில், ஒன்றுமே செய்யாதவருக்கும் கொஞ்சம் அசைவு திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். அந்தப் புகழ் அந்த நேரத்தில் யார் கொடுத்த மருந்து வயிற்றில் இருந்ததோ அவருக்குப் போய்விடும்.

அதற்கு மேல் வருவதுதான் நெகிழ்வு. முன்பே இருந்தும் பயன்படாமல் கிடந்த இணைப்புகள் திறக்கும், பக்கத்துச் செல்கள் புதுக் கிளை விடும், செல்லும் செல்லும் சேதி மாற்றிக்கொள்ளும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் வலுக்கும். மார்த்தாண்டத்தில் பெரிய ரோடு அடைபட்டால் பஸ்கள் ஊடு வழிகளில் புகுந்து வருகிற மாதிரி. ஊடு வழி நாள்பட நாள்படப் பழகும், கொஞ்சம் அகலமும் ஆகும். ஆனால் தேசிய நெடுஞ்சாலை ஆகாது. போக்குவரத்தே இல்லையென்றால் அதிலும் புல் மண்டிவிடும்.

புல் மண்டுவதைக் கண்ணெதிரே காட்டியது 1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் குரங்குகளில் செய்த ஆய்வு. கையை இயக்கும் மூளைப் பகுதியில் சின்னதாக ஒரு சேதம். பிறகு, குறுகிய குழிகளுக்குள் இருக்கும் உணவு உருண்டைகளை அந்தக் கையாலேயே எடுக்கப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளில், சேதத்தைச் சுற்றி மிஞ்சியிருந்த கைப் பகுதி தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் பரவியது. பழக்காமல் விட்ட குரங்குகளிலோ, சேதமே படாத பக்கத்து இடமும் கைவிட்டுப் போனது. ஸ்ட்ரோக் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு, சும்மா இருந்ததால் போனது இன்னொரு பங்கு.

எட்வர்ட் டாப் இதை வேறு வழியில் கண்டுபிடித்தார். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்பை மட்டும் துண்டித்தால், இயக்கும் நரம்பு நன்றாக இருந்தும் அது அந்தக் கையைத் தொங்கவிட்டுவிடும். முதலில் சிலமுறை முயன்று, தடுமாறி, இரை தவறி, நல்ல கையால் எடுத்துப் பழகிவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் தொங்கிய கை வேலைக்கு வந்தது. 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்று அதைச் சொல்வார்கள். நம் வீட்டில் நல்ல கை ஒன்று போதாதென்று மகள், மருமகள், பேரன் என்று ஆறு நல்ல கைகள் சுற்றி நிற்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி வீட்டுக் கணக்கு. முதல் மணி நேரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் எது தெரிந்தாலும் கடைசியாக அவர் சரியாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேனும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ஊசிக்கான வழக்கமான எல்லை 4.5 மணி நேரம். விடியுமுன் தோட்டத்துக்குப் போனவரை எட்டு மணிக்கு யாராவது கண்டெடுத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. அதனால் அவரோடு கடைசியாகப் பேசியவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம், இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் என்று வாசலில் நின்று வாதாடுவதில் அரை மணி நேரம் போவது இங்கே சகஜம். எது அருகில் என்பதைவிட, இப்போது எங்கே ஸ்கேன் எடுத்து ஊசி போட முடியும் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது மேல். விழுங்குவதைச் சோதிக்கும் வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், தண்ணீரும்கூட. பழக்கத்துக்கு மாறாகத் தோன்றும், ஆனால் கெட்டியான களியைவிடத் தெளிந்த தண்ணீர்தான் மூச்சுக்குழாய்க்குள் எளிதாக இறங்கும். குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தால் அதுதான் அடையாளம்.

எழுப்பி நடக்க வைப்பதிலும் அவசரம் கூடாது. 2015இல் வெளியான அவர்ட் ஆய்வில் 2,104 பேர். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடியும் அதிக நேரமும் எழுப்பி நடமாட விட்டவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட மூன்று மாத முடிவில் பின்தங்கினார்கள். கைக்கும் இதே கதைதான். ஸ்ட்ரோக் வந்த சில வாரங்களுக்குள் தினமும் 3 மணி நேரம் கடும் பயிற்சி கொடுத்தவர்கள், குறைவாகச் செய்தவர்களைவிட 90ஆம் நாளில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று 2009இல் 52 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக ஒரு மாதம் படுக்க வைக்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன அளவில், நாளுக்குப் பலமுறை, சோர்வதற்கு முன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாளுக்குள் பார்க்க வேண்டியவை இரண்டு. தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விரித்துத் தூக்க முடிகிறதா? மடங்கிய விரல்களில் ஏதாவது ஒன்றையேனும் நீட்ட முடிகிறதா? நெதர்லாந்தில் 188 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 72 மணி நேரத்துக்குள் இரண்டும் கொஞ்சம் இருந்தவர்களில் 98 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவாவது நுண்வேலைத் திறன் திரும்பியது. இரண்டும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்குத்தான். மூன்றாம் நாள் இல்லை என்றால் முடிந்தது கதை என்று பொருளில்லை, நான்கில் ஒருவர் மீள்கிறார். ஆனால் எதில் நேரத்தைச் செலவிடுவது என்று தீர்மானிக்க இதைவிட மலிவான சோதனை இல்லை.

'விரலை நீட்ட முடிகிறதா' என்பதுதான் கேள்வி, 'பிடிக்க முடிகிறதா' என்பது அல்ல. ரப்பர் விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ, கை விழுந்தவருக்கு முதலில் கொடுப்பது ஒரு ரப்பர் பந்து. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வரும் இறுக்கம் மடக்கும் தசைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. முழங்கை மடங்கும், மணிக்கட்டு மடங்கும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும். மடங்கத் தெரிந்த கைக்கு மேலும் மடங்கச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? டம்ளரைப் பிடிப்பது சுலபம், அதைச் சுற்றி விரலைத் திறப்பதும் பிறகு விடுவதும்தான் பாடு. பந்தைப் பேரனிடம் கொடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக மேசையில் முன்கையை வைத்து, சுருட்டிய துணியை விரல்களால் விரிக்கச் சொல்லலாம். ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தொட்டு, திறந்து, பிடித்து, தள்ளி வைத்து, விடச் சொல்லலாம். விடுவதையும் ஒரு தடவையாக எண்ண வேண்டும்.

தோள் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வீட்டார் கையாலேயே கேடு வருகிறது. தோள் மூட்டைப் பொருத்தி வைத்திருப்பது பெரும்பாலும் தசைதான். தசை தளர்ந்ததும் கையின் எடையிலேயே எலும்பின் தலை குழியிலிருந்து கீழே இறங்கும். விரல் வைத்துப் பார்த்தால் தோள் முனைக்குக் கீழே ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில் கட்டிலிலிருந்து எழுப்புகிறவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு கிழியும். வலி வந்துவிட்டால் அவர் அந்தக் கையைத் தொடவே விடமாட்டார். அதோடு பயிற்சி நின்றுபோகும். எழுப்பும்போது இடுப்பில் அகலமான பெல்ட்டோ முறுக்கிய துண்டோ கட்டி அதைப் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்குவதென்றால் உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பி, முதுகுப் பலகை எலும்பையும் சேர்த்து நகர்த்த வேண்டும். உத்தரத்தில் கயிறும் கப்பியும் மாட்டி நல்ல கையால் விழுந்த கையை இழுப்பது இந்தப் பக்கம் பல திண்ணைகளில் நடக்கிறது. தோள் வலியை வரவழைக்க அதைவிட நிச்சயமான வழி இல்லை, கழற்றிவிடுங்கள்.

எண்ணெய், உழிச்சல், ஆசானின் வர்மத் தடவல் இவற்றைப் பற்றிக் கேட்காத வீடு குமரி மாவட்டத்தில் கிடையாது. இதமான தடவல் இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், தோலும் மூட்டும் கெடாமல் இருக்கும், மனசுக்கும் ஆறுதல். ஆனால் ஒருவர் தடவ இன்னொருவர் படுத்துக் கிடந்தால், அசைக்கும் கட்டளை மூளையிலிருந்து கிளம்பவேயில்லை. வழி திறப்பது அந்தக் கட்டளைதான், தசையின் அசைவு அல்ல. ஆகவே தடவலை முன்னுரையாக வைத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் தடவி, தளர்ந்த அந்தக் கையோடு உடனே பயிற்சிக்கு உட்கார வேண்டும். சூடான கிழி வைப்பதென்றால் முதலில் நல்ல கையில் வைத்துப் பாருங்கள். விழுந்த கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தளர்ந்த தோளை முறுக்கி இழுக்கிற ஆசான் எவ்வளவு பேர்பெற்றவரானாலும் சரி, வேண்டாம்.

எத்தனை தடவை செய்ய வேண்டும்? குரங்கு, எலி ஆய்வுகளில் ஒரு அமர்வுக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் கேத்தரின் லாங் குழுவினர் பிசியோதெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் எழுதினார்கள். ஒரு அமர்வில் கையால் உண்மையான வேலை செய்த தடவைகள் சராசரி 32. நம் பக்கத்து அரை மணி நேர பிசியோதெரபியில் அதைவிட அதிகம் நடக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதற்காக எண்ணிக்கை ஏற ஏறப் பலனும் ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். அதே லாங் 2016இல் ஆறு மாதம் கடந்த 85 பேருக்கு 3,200, 6,400, 9,600 என்று வெவ்வேறு அளவில் தடவைகள் கொடுத்துப் பார்த்தார். அதிகம் செய்தவர் அதிகம் தேறினார் என்று சொல்ல முடியவில்லை. வெறும் எண்ணிக்கை போதாது. வேலை அவருக்கு உரியதாக இருக்க வேண்டும், தவறுகிற அளவுக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு நம் வீடுகளில் சாமான் விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஒரு முறத்தில் 50 புளியங்கொட்டை, பக்கத்தில் காலி முறம். ஒவ்வொன்றாக விழுந்த கையால் மாற்றினால் 50 தடவை தானாக எண்ணப்பட்டுவிடும், காலையில் மூன்று முறை மாலையில் மூன்று முறை என்றால் 300. ஆரம்பத்தில் புளியங்கொட்டை முடியாது. சிரட்டையில் தொடங்கி, பாக்குக்கு வந்து, பிறகு புளியங்கொட்டை, கடைசியில் மிளகு. உயரத்தையும் கூட்டலாம்: மடி, மேசை, பிறகு அலமாரித் தட்டு. பத்தில் ஏழெட்டு சரியாக வந்துவிட்டால் வேலையைக் கடினமாக்குங்கள், நாலுக்குக் குறைந்தால் இறக்குங்கள். உடம்பைச் சாய்த்துத் தோளைத் தூக்கித் தூக்கி எடுக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். சோர்ந்துவிட்டார் என்று அர்த்தம், அங்கே நிறுத்துங்கள். தொடர்ந்தால் அந்தச் சாய்வையும் மூளை பாடமாக எடுத்துக்கொள்ளும்.

பால் வெட்டுகிறவருக்கு இதைவிட நல்ல வேலை தோட்டத்திலேயே இருக்கிறது. வெட்டுச் சாலில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு ஒரு முனையைக் கிள்ளி, சாய்வாக இழுத்து உரிப்பது. தோள் விரிய வேண்டும், முழங்கை நீள வேண்டும், விரல் கிள்ள வேண்டும், பிறகு விட வேண்டும். எந்தச் சிகிச்சை அறையிலும் இவ்வளவு பொருத்தமான பயிற்சிப் பொருள் கிடைக்காது. கத்தியும் தேவையில்லை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், வேலை செய்த பெண்ணுக்கு, வறுத்து உடைத்த பருப்பின் மேல்தோலை உரிப்பது அதே மாதிரி. உடைக்கும் வேலை வேண்டாம், ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், உணர்ச்சியில்லாத விரலுக்கு அது தெரியாது.

நல்ல கையைக் கட்டிப்போடும் முறைக்கு எக்சைட் ஆய்வு (2006) பெரிய ஆதாரம். ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர். நல்ல கையில் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, வேலைநாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சி, இரண்டு வாரம். பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஆனால் எல்லாருக்கும் அல்ல. மணிக்கட்டை 10 டிகிரியாவது நிமிர்த்தவும், கட்டைவிரலையும் வேறு இரண்டு விரல்களையும் 10 டிகிரியாவது நீட்டவும் முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அதுவே இல்லாதவருக்கு நல்ல கையைக் கட்டினால் அவர் இரு கையும் இல்லாதவராவார், அவ்வளவுதான். வீட்டில் செய்வதென்றால் அடுப்படியில் பயன்படுத்தும் கைத்துணி உறை போதும். படி இறங்கும்போதும் குளியலறையிலும் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டுமே.

அசைவே இல்லாதவருக்குக் கண்ணாடி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்கிறவர்களுக்கு 1990களில் கையாண்ட வழி இது. 1999இல் ஒன்பது ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். ஒன்றரை அடிக்கு இரண்டு அடி அளவில் ஒரு முகக் கண்ணாடியை மேசையில், மார்புக்கு நேரே நெடுக்காக நிறுத்துங்கள். பளபளக்கும் பக்கம் நல்ல கையைப் பார்க்க, விழுந்த கை பின்னால் மறைந்திருக்க வேண்டும். நல்ல கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், கோயில் சரடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் தெரிவது தன் மற்றக் கை என்று மூளை நம்பாது. நல்ல கையை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே, மறைந்த கையாலும் அதையே செய்ய முயல வேண்டும். 15 நிமிடம், நாளுக்கு இருமுறை. சிலருக்குத் தலை சுற்றும், அப்போது நிறுத்திவிடலாம்.

குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே எல்லாம் செய்துவிடலாமா என்பதை இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். அட்டெண்ட் ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1,250 பேர், 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களுமாக வீட்டுப் பயிற்சி பெற்ற பிரிவிலும் வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் 47 சதவீதம்தான். எனக்கு இது ஏமாற்றமாக இருந்தாலும் ஆச்சரியமாக இல்லை. 'செய்யச் சொல்லுங்கள்' என்று கற்றுக்கொடுப்பது ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து அப்பா புளியங்கொட்டையை நழுவவிடுவதைக் கை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. பிந்தியதற்குப் பயிற்சிப் புத்தகம் போதாது. வாரம் இரண்டு முறையாவது பிசியோதெரபிஸ்ட் வந்து வேலையை மாற்றிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றி இரண்டு வரி. ஸ்ட்ரோக்குக்கென்று எழுதப்படும் சிட்டிகோலின் நம் மருந்துச் சீட்டுகளில் தாராளமாகக் காணப்படுகிறது. 2012இல் 2,298 பேரிடம் சோதித்ததில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடப் பலன் இல்லை. மனச்சோர்வுக்கான ஃப்ளூக்ஸெட்டின் கையை மீட்கும் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2018இல் 3,127 பேரின் முடிவு வந்தபோது செயல்பாட்டில் வித்தியாசமில்லை, எலும்பு முறிவுதான் கூடியிருந்தது. மனச்சோர்வு வந்திருந்தால் அதற்கு மருந்து தேவை, அது வேறு விஷயம். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. இரண்டாவது ஸ்ட்ரோக் இவ்வளவு பாட்டையும் அழித்துவிடும்.

பேச்சு போனவருக்கு எல்லையோரத்தில் ஒரு தனிச் சிக்கல். வீட்டில் தமிழ், களியக்காவிளை சந்தையில் மலையாளம், பாறசாலைக்காரரோடு இரண்டும் கலந்து. திருவனந்தபுரத்தில் பேச்சுப் பயிற்சி மலையாளத்தில் நடக்கும். சென்னையில் அச்சான படஅட்டையில் மரவள்ளிக்கிழங்கு என்று இருக்கும். அறுபது வருடம் மரச்சீனி என்றே சொன்னவர் வாயைத் திறக்கத் தயங்கினால் அவருக்கு வார்த்தை மறந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அட்டையைத் தூக்கிப்போட்டு வீட்டு வார்த்தைகளில் ஐம்பதை எழுதிக்கொடுங்கள்: மரச்சீனி, சக்கை, சாயா, பேரப்பிள்ளைகளின் பெயர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மொழியும் சேர்ந்தேதான் திரும்புகின்றன. ஒன்று முன்னால் வந்தால் அதிலேயே பேசவிடுங்கள், திருத்த வேண்டாம். பேச முடியாதவர் ஞாயிறு ஆராதனையில் பாட்டை முழுதாகப் பாடிவிடுவது உண்டு. பாட்டுக்கும் மனப்பாடத்துக்கும் மூளையின் வலது பாதி கைகொடுக்கிறது. அதைப் படியாக்கி, இடது கையால் தாளம் தட்டியபடி 'தண்ணி வேணும்' என்பதை ராகமாக இழுத்துச் சொல்லப் பழக்கும் முறை 1973இலிருந்து இருக்கிறது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாதில் 608 ஸ்ட்ரோக் நோயாளிகளைப் பார்த்து 2016இல் எழுதியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் அறிவுத்திறன் சோதனையில் குறையில்லாமல் தேறியவர்கள் ஒரு மொழிக்காரர்களில் 19.6 சதவீதம், இரு மொழிக்காரர்களில் 40.5 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரு சாராருக்கும் ஒரே அளவில் வந்தது.

காலம் பற்றி. முதல் மூன்று மாதத்தில் மண் இளகியிருக்கிறது என்பது உண்மை. 2021இல் 72 பேரிடம் கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் மாத முடிவுக்கும் மூன்றாம் மாத முடிவுக்கும் இடையில் தொடங்கியவர்கள் அதிகம் பயனடைந்தார்கள். ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களுக்குத் தனிப் பலன் தெரியவில்லை. ஆனால் கிராமங்களில் பெரும்பாலும் அந்த இரண்டாம் மாதத்தில்தான் பிசியோதெரபியை நிறுத்துகிறார்கள், காசும் தீர்ந்திருக்கும், நடக்கவும் தொடங்கியிருப்பார். கை அப்போதுதான் வாய்ப்பின் உச்சத்தில் இருக்கிறது. பிறகும் வாசல் அடைபடுவதில்லை. லண்டனில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தில், பல மாதங்கள், சில வருடங்கள் கடந்தவர்களும் முன்னேறியிருக்கிறார்கள். விலை மட்டும் ஏறுகிறது.

மறுபடியும் பால் வெட்டப் போகலாமா என்ற கேள்வி ஆறு, ஏழு மாதத்தில் வரும். கண்ணை மூடிக்கொண்டு விழுந்த கையில் ஒரு ரூபாய் நாணயத்தையும் சட்டைப் பொத்தானையும் கொடுத்துப் பாருங்கள். எது எது என்று சொல்ல முடியாவிட்டால் கத்தி அந்தக் கைக்கு வரக் கூடாது. வெட்டு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும், ஆழம் போனால் மரத்துக்குக் காயம், நழுவினால் அவருக்குக் காயம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலிப்பு வருவதும் உண்டு, ஒருமுறை வந்திருந்தால் விடியுமுன் தனியாகத் தோட்டத்துக்குள் போவதை டாக்டர் சொல்லும்வரை மறந்துவிட வேண்டும். முதல் மாதம் விடிந்தபின், சரிவில்லாத இடத்தில், துணைக்கு ஒருவரோடு. துணைக்கு வருகிறவர் கத்தியைப் பிடிக்கட்டும். இவர் ஒட்டுப்பாலை உரித்து, சிரட்டையை நிமிர்த்தி வைக்கட்டும். முந்நூறு மரம் வெட்டிய கைக்கு முதல் நாள் பத்து மரம் போதும்.